தீவானின் நீளம்

ரெக்சலின் ஒரு ஞானஸ்நானத்துக்காகக் கோவில்பட்டிக்குப் போன அன்று, பாய்மரத் தெரு முதல் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த ஏழடி மலைப்பாம்பு, அவள் ஏறிய பேருந்து ஊர் ஊராகத் தாண்டத் தாண்ட முழம் முழமாக நீண்டு, பெட்டியை உடைத்து வெளியே வந்து, கூடத்தைச் சுற்றி, அடுப்படியைச் சுற்றி, மறுபடி கூடத்துக்கே வந்து, அவளுடைய மாமியார் சூசையம்மாள் உட்கார்ந்திருந்த கட்டிலை மூன்று சுற்றுச் சுற்றி, கட்டில் காலில் தலையைச் சாய்த்து, நண்பகல் ஜெபமணி அடிக்கும் நேரத்தில் தூங்கிப் போனது. சூசையம்மாள் அலறவில்லை. இரண்டு புயலையும் ஒரு சுனாமியையும் பார்த்த மனுஷி அவள். இரண்டு கால்களையும் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஜெபமாலையும் மறு கையில் செல்போனுமாக மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, எங்க இருக்க?"

"இப்பத்தான் மாமி கோயில விட்டு வெளிய வந்தோம். சாப்பிட உக்காரப் போறோம்."

"சாப்பாடு இருக்கட்டும். ஒன் பாம்பு பெருசாயிட்டு. கெளம்பி வா."

"எலி தின்னுச்சுல்லா மாமி, வயிறு வீங்கியிருக்கும்."

"வயிறு இல்லட்டி. வீடு பூரா பாம்பாத்தான் கெடக்கு."

ரெக்சலின் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்தாள். அவள் தெருமுனையில் சிலுவை நட்ட குருசடி முக்கில் ஆட்டோவை விட்டு இறங்கி வீட்டுப் படியேறியபோது, பாம்பு பழைய ஏழடிக்குச் சுருங்கி, நொறுங்கிய கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே, எதுவும் நடக்காதது போலக் கிடந்தது. சூசையம்மாள் காலைக் கீழே இறக்க இன்னும் அரைமணி நேரம் ஆனது.

அந்தப் பாம்பைக் கொண்டுவந்தவன் ரெக்சலினின் கணவன் கஸ்பார். சரக்குக் கப்பலில் வேலை. பத்து மாதம் கடலில் இருப்பான், இரண்டு மாதம் வீட்டில் இருப்பான். கீழ்க்கடலில் ஏதோ ஒரு பொடித் தீவுக்காரனிடமிருந்து அதைக் குட்டியாக வாங்கி, துறைமுகத்தில் கேட்ட தாளையெல்லாம் எழுதிக் கொடுத்து, துணிப்பையில் போட்டு எடுத்து வந்து, கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாத மனைவியின் மடியில் வைத்தான். "பெரிய தீவுல இதோட சாதி இருபத்தஞ்சு அடி வளரும். இது பொடித் தீவுல பொறந்தது. அங்க தீனியும் கம்மி, எடமும் கம்மி. தலமுறை தலமுறையாச் சிறுத்துப் போச்சு. ஏழடிக்கு மேல போகாது. நான் இல்லாதப்ப ஒனக்குத் துணையா இருக்கும்" என்று சொல்லி, தீவான் என்று பெயரும் வைத்துவிட்டுக் கப்பலேறிப் போனான்.

துணைக்குத் துணையாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் ஒரு பக்கம் சூடு பரப்பும் பல்பு, ஒரு பக்கம் உடம்பை ஊறப்போட்டுக் கிடக்க அகலமான தண்ணீர்த் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த மண்சட்டி. பத்து நாளைக்கு ஒரு எலி. உறையவைத்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து நீட்டினால், தீவான் கழுத்தை வளைத்து ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாய்ந்து பிடிக்கும். அந்த எலிகள் ஐஸ் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் சூசையம்மாளால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மற்றபடி, பாம்பு தோளில் கிடக்கும்போது ரெக்சலினுக்குக் கனமான குளிர்ந்த கை ஒன்று தன்மேல் போட்டிருப்பது போல இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. தினம் போய்வந்தாள். அந்த இரண்டு கிலோமீட்டருக்குப் பாம்பு இரண்டு முழம் நீண்டு சுருங்கியிருக்க வேண்டும். பெட்டிக்குள் சுருண்டு கிடப்பது பத்தடியா ஏழடியா என்று யார் பார்த்தது?

கணக்கைக் கண்டுபிடித்தது அடுத்த வீட்டுத் தையல்காரர் இன்னாசி. கழுத்தில் டேப்பு தொங்காமல் அவரைப் பூசையில்கூடப் பார்த்தவர்கள் கிடையாது. அவர் ரெக்சலினை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கூடத்தில் பாம்பை நீட்டிப் போட்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு மண்டியிட்டார்.

"இப்ப எங்க மக்கா?"

"தண்ணித் தொட்டி தாண்டிட்டேன் அண்ணாச்சி."

"ஒரு முழம். இப்ப?"

"ரயில்வே கேட்டு."

"மூணு முழம். நில்லு, அது நவுருது... ஆமா, மூணுதான். இன்னும் போ."

கிலோமீட்டருக்கு ஒரு முழம். பாம்பையும் கூடையில் வைத்து அவளோடு ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். ஐந்தாவது கிலோமீட்டரில் கூடை வெடித்து, டிரைவர் ஆட்டோவை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினார். அவள் கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் குருசடியை விட்டு எவ்வளவு தூரம் போகிறாளோ அவ்வளவு நீளம் அது. கொன்றுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சொல்லும்போது பாம்பு ரெக்சலினின் முன்கையில் தலையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவரே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து ஏழடி என்று அளந்து எழுதி, தாளெல்லாம் சரியாக இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள். "அவங்க கொண்டு போனாலும், இவ போற தூரத்துக்கு அது அங்க கெடந்து வளரும். நம்ம கண்ணு முன்னால இருந்தாத்தான் நல்லது" என்றார் இன்னாசி.

இப்படியாக அந்தத் தெரு, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாமல், யாரும் உரக்கப் பேசாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தது. ரெக்சலின் குருசடியைத் தாண்ட வேண்டாம்.

தாண்ட வேண்டிய தேவை இல்லாமல் பார்த்துக்கொள்வது தங்கள் பொறுப்பு என்று இருபத்திரண்டு வீடும் எடுத்துக்கொண்டன. மீன்காரி ஏலத்தில் எடுத்த கூடையை முதலில் அவள் வாசலில் இறக்கினாள். ரேஷன் சாமான் கேட்காமலே வந்தது. ஜெராக்ஸ் கடை வேலை போனதற்கு, இன்னாசி தன்னிடம் வரும் சட்டைகளைக் காஜா எடுக்கக் கொடுத்தார். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்தார். பல்வலி வந்தபோது பல் டாக்டரே வந்து, சூசையம்மாளின் சாய்வு நாற்காலியில் அவளைச் சாய்த்துப் பல்லைப் பிடுங்கினார். தேர்தல் வந்தபோது, வாக்குச்சாவடி அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் என்பதால் கால் முழம்தான் வரும், பரவாயில்லை என்று இன்னாசி கணக்குச் சொல்ல, முன்னால் ஆறு பேரும் பின்னால் ஆறு பேருமாக அவளைக் கூட்டிப்போய் ஓட்டுப் போடவைத்துக் கூட்டிவந்தார்கள். அவளுடைய பிறந்தநாளுக்குத் தெருவே கேக் வெட்டியது. சாயங்காலங்களில் அவள் குருசடி மேடைக்குப் பக்கத்தில் போய், மெயின் ரோட்டில் போகும் பேருந்துகளின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நிற்பாள். நின்ற இரண்டு நிமிஷத்தில் யாராவது ஒருவர் நாற்காலி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

"நிக்காத மக்கா, கால் வலிக்கும். உக்காரு."

அவள் உட்காருவாள். வேறென்ன செய்ய? அவளை யாராவது திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பாள். பூட்டியிருந்தால் பூட்டை உடைத்திருப்பாள். நாற்காலி கொண்டுவந்து போடுகிறவர்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து, புதிதாகச் செய்து வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அசையாத கண்ணைப் பார்ப்பாள். இமையில்லாத கண் அது. சில நாள் அதன்மேல் பாசமாக இருக்கும். சில நாள் அந்தக் கண்ணாடியில் தெரிவது பாம்பா தன் முகமா என்று பார்க்கப் பயமாக இருக்கும். போனில் கஸ்பார், "தீவான் சாப்பிட்டுச்சா? தோலு உரிச்சுதா?" என்று கேட்பான். அவளைப் பற்றியும் கேட்பான். வரிசையில் அது இரண்டாவதாக வரும்.

இரண்டு வருஷமும் நாலு மாதமும் இப்படிப் போனது.

அப்போதுதான் மதுரையிலிருந்து அவளுடைய அக்காள் மெர்லின் கூப்பிட்டாள். மெர்லினுக்கு ஒரு வருஷமாகச் சிறுநீரகம் சரியில்லை, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பது தெரிந்த விஷயம்தான். இப்போது டாக்டர்கள் இனி இழுக்க முடியாது, யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். மெர்லினின் கணவருக்குச் சர்க்கரை, அவரால் கொடுக்க முடியாது. கூடப் பிறந்தது ரெக்சலின் ஒருத்திதான்.

"நீ வரணும்னு நான் கேக்கல" என்றாள் மெர்லின். "ஒன் நெலமை எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தேன்னு பின்னாடி நீ வருத்தப்படக் கூடாதுல்லா, அதுக்காகச் சொல்லுதேன்."

இரத்தம் எடுக்க ஆள் வீட்டுக்கே வந்தான். அதுவரைக்கும் தெருவுக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வீடு வாசலில் நின்று, "கர்த்தர் கை விடமாட்டாரு, பொருந்தும்" என்றார்கள். பொருந்தியது. மேற்கொண்டு சோதனைகளும் ஆபரேஷனும் மதுரையில்தான், போனால் திரும்ப இரண்டு மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, அந்த வார்த்தை நின்றுபோனது. இன்னாசி ஒரு தாளில் கணக்குப் போட்டார். நூற்றுநாற்பது கிலோமீட்டர். நூற்றுநாற்பது முழம். இருநூற்றுப்பத்து அடி, அதோடு பழைய ஏழடி. பனைமரத் தடிமன்.

ஞாயிற்றுக்கிழமை குருசடியில் கூடினார்கள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அக்காவை இங்கே கூட்டிவந்து வைத்தியம் பார்க்க முடியாதா என்று ஒருவர் கேட்டார். கஸ்பார் லீவில் வரட்டும், ஆம்பளை ஒருத்தன் வீட்டில் இருந்தால் நல்லது என்றார் இன்னொருவர். ஓபில் என்கிற இளம்பெண், எட்டு மாதக் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள், "பச்சப்புள்ள இருக்கிற வீடுக்கா" என்று மட்டும் சொன்னாள். எல்லாருடைய கண்களும் கலங்கியிருந்தன. ரெக்சலினுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தபடி, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வரும் நல்ல வார்த்தை ஒவ்வொரு சுற்றாகத் தன் இடுப்பிலும் நெஞ்சிலும் கழுத்திலும் விழுந்து இறுகுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கணவனின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். கப்பலிலிருந்து கஸ்பார் ஒன்பது நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: தீவானைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுப் போ.

அந்த வரியை வாசித்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ரெக்சலின் ஒரு பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"மாமி, போயிட்டு வாரேன்."

சூசையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து மருமகளையும் பையையும் பெட்டியையும் பார்த்தாள். "நான் எங்கட்டி படுப்பேன்?" என்று கேட்டாள். கோபமில்லாமல் கேட்டாள். பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டாள்.

ரெக்சலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெட்டியின் மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள், பெட்டியாவது உடையாமல் இருக்கட்டும் என்று. பிறகு நடந்தாள். முதல் வீடு என்பதால் குருசடிக்கு முப்பது எட்டுதான். அந்த முப்பது எட்டுக்குள் மோர் குடித்துவிட்டுப் போ என்றார்கள், எமகண்டம் முடியட்டும் என்றார்கள், பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான் என்று பொய் சொன்னார்கள். யாரோ வழக்கம்போல நாற்காலி கொண்டுவந்தார்கள். அவள் அந்த நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் குருசடியைத் தாண்டினாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் அவள் முழமாக எண்ணினாள். எட்டையபுரத்தில் சூசையம்மாள் கூப்பிட்டு, "கூடம் நெறஞ்சிட்டு" என்றாள். கோவில்பட்டியில், "கட்டில் மேல ஏறிட்டேன்" என்றாள். சாத்தூரில் கூப்பிட்டபோது பின்னால் டங்கு டங்கென்று சத்தம். "இன்னாசி நடுச்சுவர இடிக்கான். தல போக எடமில்ல பாத்துக்கோ, பாவம், மூச்சு முட்டுது அதுக்கு." விருதுநகரில், "இன்னாசி வீட்டு அடுப்படியத் தாண்டி அந்தாண்டச் சுவத்துல முட்டுது" என்றாள். திருமங்கலத்தில் கூப்பிட்டவர் இன்னாசி. அவருக்கு மூச்சு வாங்கியது. "மக்கா, ஏழாவது வீட்டுக்குப் போயிட்டு. ஓட்டை எல்லாம் அளவெடுத்துத்தான் போடுதேன், பயப்படாத. நீ எறங்கவேண்டிய எடத்துல எறங்கு." மதுரையில் அவள் இறங்கியபோது, தீவானின் வால் முதல் வீட்டுக் கூடத்திலும், தலை கடலோரக் கடைசி வீட்டுக் கிணற்றடியிலுமாக, பாய்மரத் தெருவின் வடக்கு வரிசைப் பதினொரு வீடுகளையும் கோத்துக்கொண்டு கிடந்தது.

ஆபரேஷன் பதினெட்டாவது நாள் நடந்தது. அன்றைக்குத்தான் தீவான் சட்டை உரித்தது என்றார்கள். இருநூறு அடிச் சட்டையைப் பதினொரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து கிழியாமல் உருவி, கடற்கரையில் வலை காயப்போடுவது போல விரித்துக் காயவைத்தார்களாம். மெர்லினின் உடம்புக்குள் தங்கையின் சிறுநீரகம் போய் உட்கார்ந்த அன்று மாலையே வேலை செய்யத் தொடங்கியது. டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெக்சலின் விலாவில் தையலோடு படுத்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் உடம்பைத் தன்னுடையது என்று நினைத்தாள். அதிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது.

தெருவிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. முதலில் குறைகளாக வந்தது. யாருடைய சோற்றுப்பானையோ உருண்டது, யாருடைய பூனையையோ காணவில்லை, பிறகு கிடைத்தது. பாம்பு என்னவோ பத்து நாளைக்கு ஒரு எலியே போதும் என்று இருந்தது. தெருவளவு நீண்டாலும் வயிறு பழைய வயிறுதான். அப்புறம் குரல்கள் மெல்ல மாறின. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. சுண்ணாம்புச் சுவரெல்லாம் அடுப்பாகக் கொதிக்கும்போது, வீட்டுக்கு நடுவே குளிர்ச்சியாக ஒன்று கிடப்பது எவ்வளவு சுகம் என்று ஒருத்தி சொன்னாள். இராத்திரி பகல் தூங்காமல் அழுத ஓபிலின் கைப்பிள்ளை, அந்த உடம்பில் சாய்த்துப் போட்டதும் மூச்சின் ஏற்ற இறக்கத்தில் தூங்கிப் போனதாம். நான்காம் வீட்டு அண்ணனும் ஐந்தாம் வீட்டுத் தம்பியும் பாகப்பிரிவினைக்குப் பிறகு பதினோரு வருஷமாகப் பேசாதவர்கள்; பாம்புக்காகச் சுவரில் போட்ட ஓட்டை வழியே, "ஒங்கிட்ட நகந்து வருதா பாரு" என்று ஒருவன் கேட்க, "கொஞ்சம் தள்ளி விடு" என்று மற்றவன் சொல்ல, இப்போது அந்த ஓட்டை வழியே குழம்பு போய்வருகிறதாம். கடல் பொங்கிய ஒருநாள், தீவான் தலையைச் சுருட்டிக் கடைசி வீட்டுச் சந்தில் அடைத்துக்கொண்டு கிடக்க, ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே வரவில்லையாம்.

ரெக்சலினுக்குக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால்தான், தையல் பிரித்து, நடமாடத் தொடங்கி, டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, அவள் ஆசையாகப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை வாரேன்."

"ஒடம்பு நல்லாத் தேறிட்டா மக்கா?"

"தேறிட்டு அண்ணாச்சி."

"இல்ல, அவசரப்பட்டு வரவேண்டாம்னு பாக்கேன். வெயிலு இங்க ரொம்பக் கடுமையா இருக்கு. கத்திரி கழியட்டுமே."

மறுநாள் ஓபில் பேசினாள். "அக்கா, புள்ளைக்கு இப்பத்தான் தூக்கம் பழகுது. இன்னும் ஒரு மாசம் இருந்துட்டு வாயேன்க்கா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்." அதற்கு மறுநாள், தெற்கு வரிசையிலிருந்து ஒரு குரல், அவளோடு அதிகம் பேசாத ஒரு பெரியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். பாம்பு வடக்கு வரிசைக்கு மட்டும் சொந்தமா, தெற்கு வரிசையில் மனுஷர் இல்லையா என்று தொடங்கி, மதுரையிலிருந்து திருச்சி இன்னும் நூற்றுமுப்பது கிலோமீட்டர்தான், அங்கே போய் ஓர் இரண்டு மாதம் இருந்தால் தங்கள் வரிசையும் ஓர் ஓரமாக வாழும் என்றார். தங்க வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். அங்கே தன் மச்சான் இருக்கிறார், நல்ல மனுஷர், வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுப்பார் என்றார். சூசையம்மாள் கடைசியாகப் பேசினாள். அவள் எதையும் கேட்கவில்லை. "நான் இப்ப கட்டில்ல படுக்கல. அதுமேலதான் படுக்கேன். முதுகு வலி இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ரெக்சலின் அக்காள் வீட்டு மாடிப் படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. உள்ளே இருந்தபோது சுற்றி நின்ற அதே இருபத்திரண்டு வீடும், அதே நல்ல வார்த்தைகளோடு, இப்போது வெளியே வந்து அவளைச் சுற்றி நின்றன. மதுரை முழுக்க அவளுக்கு ஒரு நாற்காலி போட்டது போல இருந்தது. அந்த வியாழக்கிழமை அவள் போகவில்லை. அடுத்த வியாழனும் போகவில்லை. ஜூன் வந்தது. காய்ந்த மல்லிகைப் பூவும் பெட்ரோல் புகையும் மணக்கிற அந்தத் தெருவில், கடல் எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சில சமயம் மறந்து போனது.

மெர்லின் இப்போது நன்றாக நடந்தாள், கன்னத்தில் இரத்தம் ஏறியிருந்தது. ஒருநாள் காலை காபி டம்ளரோடு வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பப் போற?"

"அவங்க சொல்லட்டும்கா."

"யாரு?"

"தெருவுல."

மெர்லின் காபியை ஆற்றினாள். "டாக்டர் என்ட்ட என்ன கேட்டாரு தெரியுமா, ஒங்க தங்கச்சி யாருட்டயாவது கேட்டுட்டு வந்தாங்களான்னு. புருஷன் கையெழுத்த வச்சுக்கிட்டும் கேக்காரு. நான் சொன்னேன், இல்ல டாக்டர், கேக்காம வந்தா, அதான் நான் உசுரோட இருக்கேன்னு." டம்ளரை அவள் கையில் வைத்தாள். "போறதுக்குக் கேக்காதவ, வர்றதுக்கு எதுக்குட்டி கேக்க?"

ரெக்சலின் காபியைக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து பையை எடுத்தாள்.

அவள் வருவது தெருவுக்குப் போனில் தெரியவில்லை, பாம்பில் தெரிந்தது. முதலில் கடைசி வீட்டுக் கிணற்றடியிலிருந்து தலை ஓசையில்லாமல் பின்வாங்கியது. பிறகு பத்தாம் வீடு. பிறகு ஒன்பது. சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களும் துணி மடித்துக்கொண்டிருந்தவர்களும் ஓடிவந்து அந்த உடம்பின்மேல் கை வைத்தார்கள். சிலர் கட்டிப் பிடித்தார்கள். பிடிக்கப் பிடிக்க அது மெலிந்து, வழுக்கி, சுவர் ஓட்டை வழியே அடுத்த வீட்டுக்குள் போய் மறைந்தது. நான்காம் வீட்டு அண்ணனும் ஐந்தாம் வீட்டுத் தம்பியும், காலியான ஓட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடுப்பகலில் அவள் குருசடி முக்கில் இறங்கினாள். தெரு முழுக்க வாசலில் நின்றது. யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை.

"சொல்லாம வந்துட்டியே மக்கா" என்றார் இன்னாசி. குற்றச்சாட்டாகச் சொல்ல நினைத்தார்; மன்றாட்டாக வந்தது.

"ஆமா அண்ணாச்சி."

"எம்புள்ள இனி எப்படிக்கா தூங்கும்?" என்றாள் ஓபில். ரெக்சலின் நின்று, குழந்தையின் தலையைத் தடவினாள். "எனக்கும் தெரியல ஓபில். நீ என்ட்ட கேக்காத, இந்தப் புள்ளட்டயே கேளு" என்றாள். தெற்கு வரிசைப் பெரியவர் பேச வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டு நடந்தாள். எல்லாருக்கும் அவள்மேல் வருத்தம் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் வந்து மேலே விழுந்தும் அவள் உயிரோடு நடந்துகொண்டிருந்தாள் என்பதும் தெரிந்தது.

கூடத்தில், மண்சட்டிக்கு மேல், ஏழடித் தீவான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கை கால் கழுவி, வெறுந்தரையில் உட்கார்ந்தாள். சூசையம்மாள் சோறு போட்டு, நகரைமீன் குழம்பை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து, மருமகள் மூன்று கவளம் உண்ணும்வரை பொறுத்திருந்தாள்.

"எத்தன நாளு இருப்ப?"

ரெக்சலின் முள்ளை எடுத்து இலையோரத்தில் வைத்தாள்.

"தெரியாது மாமி."

"நாளைக்கே போவியா?"

"தெரியாது."

"எங்க போவ? மதுரைக்கா? திருச்சிக்கா?"

"தெரியாது மாமி. போகணும்னு தோணுனா போவேன். இருக்கணும்னு தோணுனா இருப்பேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்."

சூசையம்மாள் குழம்புச் சட்டியை மூடினாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, சுவர் ஓட்டைப் பக்கம் தலையைத் திருப்பி, "இன்னாசி, அவளுக்குத் தெரியாதாம்" என்றாள். இன்னாசி தன் வீட்டு அடுப்படி ஓட்டையில் குனிந்து, "தெரியாதாம்" என்றார். அடுத்த வீட்டில் ஒரு பெண் குரல், "தெரியாதாமே" என்றது. நான்காம் வீட்டு அண்ணன் ஐந்தாம் வீட்டுத் தம்பிக்குச் சொன்னான். இப்படி அந்தச் சொல் வீடு வீடாக, சுவர் சுவராக, கடலோரக் கடைசி வீடுவரை போனது. அங்கே கேட்டவர்களுக்குச் சொல்ல அடுத்த வீடு இல்லை. அதனால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

ரெக்சலின் இன்னொரு துண்டு மீன் கேட்டாள்.